மெல்லிசு வேண்டாம், தடியானது

கேனி ஃபோர்க் மைதானத்தில் நாற்காலிக்கென்று ஒரு சட்டம் உண்டு. பாட்டுத் திருவிழாவுக்கு வியாழக்கிழமை காலையில் வந்து, மேடைக்கு முன்னால் உங்கள் மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டால் ஞாயிறு மத்தியானம் வரை அந்த இடம் உங்களுடையது. நீங்கள் சாப்பிடப் போனாலும் தூங்கப் போனாலும் ஒருவரும் நகர்த்த மாட்டார்கள். ஆனால் காலியாகக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உடையவர் வந்து நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விட வேண்டும். சண்டை, சாக்கு எதுவும் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக இந்த மைதானத்தில் பயறு வேக வைக்கிறேன். குடிகாரன்கூட அந்தத் தட்டலுக்கு எழுந்துவிடுவான். எழாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆளைப் போன ஆகஸ்டில்தான் பார்த்தேன். அது எங்கள் தெரு ட்வைலா.

என் பெயர் ரோவீனா. தீயணைப்புச் சங்கத்தின் சமையல் கொட்டகை என் பொறுப்பு. பின்டோ பயறு, சோளரொட்டி, வறுத்த பலோனி இறைச்சி வைத்த ரொட்டி, பச்சை வெங்காயம். இது நான்கும் இருந்தால் கென்டக்கி மலைக்காரன் மூன்று நாள் பாஞ்சோ வாத்தியம் கேட்பான். இல்லையென்றால் பாஞ்சோக்காரனையே தின்றுவிடுவான்.

ட்வைலாவின் வீடு என் வீட்டுக்கு மேலே இரண்டாவது வீடு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். புருஷன் கார்னெட் மர அறுப்பு மில்லில் வேலை. ஒரே பெண் ஆட்ரா, பதினாலு வயது. பிடில் வாசிப்பாள். வீட்டில் அவள் வாசித்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்று கேட்பேன். ஆனால் மேடை என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். அதற்கு முந்தின வருஷம் சிறுவர் போட்டியில் ட்வைலாவால் வர முடியாமல் போய், தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று துணைக்குக் கித்தார் வாசித்தார். பாதி மெட்டில் பெண்ணின் வில் நின்றுவிட்டது. இருநூறு பேர் பார்க்கப் பார்க்க இறங்கி ஓடியவள்தான், ஐந்து மாதம் பிடில் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க வைக்க ட்வைலா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அடுத்த முறை அம்மா பக்கத்தில் இருப்பேன், என் கித்தார் உன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாக்குக்காகத்தான் இந்தப் பாடு எல்லாம்.

போன வருஷம் வியாழன் ராத்திரி மழை பிடித்தது. வெள்ளி முழுக்கப் பெய்தது. மைதானம் உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. வைக்கோல் பிரித்துப் போட்டோம், அதையும் சேறு தின்றுவிட்டது. வண்டி ஒவ்வொன்றையும் டிராக்டர் கட்டி இழுத்துத்தான் ரோட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கக்கூஸ் பெட்டிகள் நான்கு. உறிஞ்சி எடுக்க வரும் லாரி உள்ளே வர முடியாததால் அதில் இரண்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மீதி இரண்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். கை கழுவத் தண்ணீர் இல்லை, காகிதமும் தீர்ந்தாயிற்று. சனிக்கிழமை காலை வெயில் வந்து சேற்றை வேக வைக்கத் தொடங்கியது.

ஒன்பது மணி இருக்கும். சோளமாவு கலக்கிக்கொண்டிருந்தேன். கொட்டகையின் பின்பக்கம் வந்து ட்வைலா நின்றாள். வெளிர் மஞ்சள் கவுன். குடும்பமாக வாசிப்பவர்கள் ஒரே துணியில் உடுத்துவது இங்கே வழக்கம். ஆட்ராவும் அதே மஞ்சள், அதே பித்தான். ட்வைலாவின் முகம் மட்டும் மாவு மாதிரி இருந்தது.

"ரோவீனாக்கா, உங்ககிட்ட இருக்கா?"

"என்னது?"

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். எனக்குப் புரிந்தது.

"எனக்குக் கடை மூடி ஆறு வருஷமாச்சேடி. நீ கொண்டு வரலயா?"

"இருபது கொண்டுவந்தேன். இருபதும் போச்சு."

"ரெண்டு நாள்லயா?"

"வியாழக்கிழமை ஆரம்பிச்சுது. நேத்து ராத்திரியிலேருந்து மணிக்கு ஒண்ணு. இப்ப அதுவும் தாங்கல. கட்டி கட்டியா வருதுக்கா. ரெண்டு ஜீன்ஸும் அலசி கயித்துல கெடக்கு, சொட்டச் சொட்ட. இந்தக் கவுன்தான் மிச்சம்."

பனிக்காலத்திலிருந்தே அவளுக்கு இப்படித்தான். மாதத்தில் பாதி நாள் போகும். பேருந்து சீட்டில் பழைய துண்டை மடித்துப் போட்டு ஓட்டியிருக்கிறாள். டாக்டரம்மா செப்டம்பரில் நாள் கொடுத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடு ட்வைலா. கேட்டுக்கு வெளிய ஆம்புலன்ஸ் நிக்குது."

"ஒரு மணிக்குப் போட்டி."

"போட்டியாவது ஒண்ணாவது!"

"அக்கா, அந்தப் புள்ள காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்கா, நடுங்குறது எனக்குத் தெரியக்கூடாதுன்னு. இப்ப நான் படுத்துட்டேன்னா அவ இனிமே பிடிலைத் தொடமாட்டா. ரெண்டு மெட்டு வாசிச்சு முடிக்கட்டும். அப்புறம் என்னை எங்க வேணா தூக்கிட்டுப் போங்க."

அவளைப் பயறு மூட்டை மேல் உட்கார வைத்துவிட்டு நான் மைதானத்தில் இறங்கினேன். ஒவ்வொரு கூடாரமாக, ஒவ்வொரு வண்டியாகப் போய்ப் பெண்களிடம் காதோடு காதாகக் கேட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாட்டுக்கு வருகிற கூட்டம் வயசான கூட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் நரை. மேடையில் மட்டும்தான் நாலு கறுத்த தலை.

"உங்ககிட்ட அது இருக்குமா?" என்று கேட்பேன்.

"எது?"

"அதான், மாசத்துக்கு..."

"அடியே ரோவீனா, எனக்கு எழுபத்திரெண்டு! கேட்டதுக்கே சந்தோஷம், போ."

இன்னொருத்தி சிரித்துச் சிரித்து இருமினாள். "இருந்துச்சு, நிக்சன் ஆண்ட காலத்துல." மூன்றாவது ஆள் யாருக்கு என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அலைந்ததில் ஒரு பாடகியின் பெண்ணிடமிருந்து ஒன்றே ஒன்று கிடைத்தது. தபால் உறை கனம்கூட இல்லை.

திரும்பி வரும்போதுதான் வாக்கி-டாக்கி நினைவுக்கு வந்தது. ஐஸ் சொல்லி அனுப்ப எங்கள் கொட்டகையில் ஒன்று உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. கேட், மேடை, டிராக்டர், ஆம்புலன்ஸ், வண்டி நிறுத்துகிற இடம், எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. கார்னெட் ஐஸ் வாங்கி வர டவுனுக்குக் கிளம்பியிருந்தான். கேட்டில் டிராக்டருக்காக நிற்பான், கேட் காவலுக்கு இருக்கும் ஹோபர்ட்டிடம் சொன்னால் போதும் என்று தெரியும்.

பட்டனை அழுத்தினேன். "ஹோபர்ட், கார்னெட் அங்க நிக்கிறானா?"

"முன்னாடிதான் நிக்கிறான். சொல்லு."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்தான். ஆனால் பதினொரு ஆண்பிள்ளைகள் இடுப்பில் அந்தப் பெட்டி தொங்குகிறது. நான் சொல்வது மேடைப் பின்னாலும் கேட்கும், டிராக்டரிலும் கேட்கும். ஊரில் எவனையும் நிற்க வைத்துத் திட்டுகிற எனக்கு, அந்தச் சொல்லுக்கு நாக்கு எழும்பவில்லை.

"ட்வைலாவுக்கு வேண்டியது தீந்துபோச்சாம்னு சொல்லு. ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வரணும்."

"ரெண்டு பாக்கெட். சரி."

"மெல்லிசு வேண்டாம்னு சொல்லு. தடியானது. இருக்கறதுலயே தடியானது."

"தடியானது. சொல்லிட்டேன், தலையாட்டுறான். புரிஞ்சுதாம்."

புரிந்ததாம். நானும் நிம்மதியாக வைத்தேன்.

டவுன் பதினொரு மைல். டிராக்டர் இழுவையும் சேர்த்தால் போய்வர இரண்டு மணி நேரம். அதுவரைக்கும் ட்வைலாவுக்கு நான்தான் வைத்தியம். கொட்டகையில் இருந்த பாத்திரம் துடைக்கும் துண்டுகளில் வெளுத்ததாக ஆறு எடுத்து, இரண்டிரண்டாக மடித்து, ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து அடியில் வைத்து, காக்கி ஒட்டுநாடாவால் சுற்றினேன். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு போர்வையைப் பிடித்து நின்றேன். அவள் மாற்றிக்கொண்டாள்.

"நடந்தா சரசரங்குது அக்கா," என்றாள்.

"பாட்டுச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் முகம் சுருங்கியது. சிரித்தால்கூட இறங்குகிறது. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை, நானும் வேடிக்கை பேசவில்லை. அவள் மூட்டைமேல் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பயறு கொதிக்கிற வாடையில் குமட்டுகிறது என்றாள். உப்பு பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தேன். அரை மணிக்கொரு முறை துண்டு மாற்றினோம். எடுத்ததைக் குப்பைப் பையில் கட்டி அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். கல் மாதிரி கனத்தது. பன்னிரண்டு மணிக்கு ஆறு துண்டும் முடிந்துவிட்டன. அடுத்து என் இடுப்புத் துண்டைக் கொடுத்தேன்.

அப்போது ஆட்ரா வந்தாள். மஞ்சள் கவுன், கையில் பிடில்.

"அம்மா, இங்கயா இருக்கே? ஏன் படுத்திருக்கே?"

"வெயிலு, கண்ணு. ரோவீனாக்கா கொஞ்சம் படுக்கச் சொன்னாங்க."

"வருவல்ல?"

"உன் நம்பர் என்ன?"

"ஏழு."

"ஆறாவது ஆளு முடிக்கும்போது நான் உன் பக்கத்துல நிப்பேன். போ, அப்பா வந்ததும் கித்தார்ல சுருதி பாக்கச் சொல்லு."

பெண் என்னைப் பார்த்தாள். நான் பயறைக் கிண்டினேன்.

பன்னிரண்டரைக்குக் கார்னெட் வந்தான். ஐஸ் மூட்டையை இறக்கிவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றான். நல்லவன். பாட்டும் தெரியாது, கித்தாரும் தெரியாது. ஆனால் ட்வைலாவின் கித்தாருக்குக் கம்பி மாற்றுவது அவன்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

"குடு," என்றேன்.

"என்னத்தக் குடுக்க? மாட்டியே முடிச்சுட்டேன். கூடாரத்துல வச்சு பழசக் கழட்டி, புதுசப் போட்டு, நல்லா இழுத்து விட்டு, சுருதியும் சேத்தாச்சு. ரெண்டாவது பாக்கெட் பெட்டிக்குள்ள இருக்கு. வாத்தியமெல்லாம் விக்கிற அடகுக்கடையில இருந்ததுலயே தடி அதான். கடைக்காரன் கேட்டான், பொம்பள வெரலுக்கு இது எதுக்குன்னு. எங்க வீட்டுக்காரி கேட்டிருந்தா காரணம் இருக்கும்னேன்."

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. கம்பி! பாக்கெட்டில்தான் வரும். மெல்லிசும் உண்டு, தடியும் உண்டு.

"கார்னெட், கம்பி இல்லடா."

"பின்ன?"

"மூணு மருந்துக்கடையத் தாண்டித்தானே போயிருப்பே?"

"ஆமா. அதுக்கென்ன?"

மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து ட்வைலாவின் குரல் வந்தது. "நாப்கின் கார்னெட். ரத்தம் நிக்கல."

அவன் முகத்திலிருந்த பெருமை அப்படியே வடிந்து போனதை என்னால் பார்க்க முடியவில்லை. மூட்டைகளைத் தாண்டிப் போய் அவளைப் பார்த்தான். பிறகு வெளியே ஓடினான். சேற்றில் ஒரு கால் பூட்ஸ் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டே ஓடினான். எவ்வளவு விரட்டினாலும் அவன் மறுபடி போய்வர ஒன்றரை மணி நேரம். போட்டிக்கு இருபத்தைந்து நிமிஷம்.

ஆறாவது பையன் வாசிக்கத் தொடங்கியபோது ட்வைலா எழுந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கூடாரத்திலிருந்து நான் எடுத்து வந்திருந்த கித்தாரை முன்னால் மாட்டிக்கொண்டு, என் மேல்சட்டையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டாள். சின்னச் சின்ன அடியாக வைத்து நாற்காலி வரிசைகளுக்கு நடுவே போனோம். மேடைப் படிக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்.

"அக்கா, மேடை சுத்துது," என்றாள்.

நான் பிடிப்பதற்குள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் வரிசை, நடு. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை பின்னிய அலுமினிய நாற்காலி. கைப்பிடியில் ஒரு கித்தான் பை தொங்கியது. அது யாருடைய நாற்காலி என்று அப்போதுதான் பார்த்தேன்.

எஸ்டில் மாமா. எழுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து, நுரையீரலைக் கரிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். எல்லோருக்கும் மாமா, யாருக்கும் சிநேகிதர் இல்லை. சட்டப்படி அவர் நாற்காலியிலும் யாரும் உட்காரலாம். ஆனால் ஒருவரும் உட்கார்வதில்லை. அந்தப் பைமேல் கை பட்டதற்காக ஒரு போதகரையே வைது விரட்டியிருக்கிறார்.

ட்வைலாவின் காதில் சொன்னேன். "எழுந்திரு, வேற நாற்காலிக்குப் போயிடலாம்."

"எழுந்தா அவ்வளவுதான் அக்கா. இப்ப மொத்தமாப் போச்சு. எல்லாத்தையும் தாண்டிப் போச்சு."

கீழே பார்த்தேன். நாற்காலிப் பட்டைகளின் இடுக்கு வழியாக வைக்கோல்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்னும் பின்னும் நிறைந்த வரிசைகள். ஆறாவது பையன் வாசித்து முடித்தான், கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் நாற்காலியின் முதுகில் தட்டல் விழுந்தது. இரண்டு தட்டு.

ட்வைலா எழவில்லை.

மறுபடி இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாக. "அம்மா, இது என் எடம்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். பயறு வாங்கப் போயிருந்தார் போல, கையில் கிண்ணம்.

"மாமா, ஒரு பத்து நிமிஷம்," என்றேன்.

"உன்னைக் கேக்கல ரோவீனா. இவளுக்கு வாயில்லையா? நாப்பது வருஷமா எல்லாரும் எழுந்திருக்காங்க, இவளுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரோ, "எந்திரிச்சுக் குடும்மா," என்றார்கள். ட்வைலா தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"எழுந்திரிக்க முடியல மாமா. மன்னிச்சுக்குங்க. உங்க நாற்காலி பாழாப் போச்சு."

அவர் நாற்காலிக்கு அடியில் பார்த்தார். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார். வியர்வையில் முடி ஒட்டிக் கிடந்தது. என் கையில் கிண்ணத்தைத் திணித்தார். பூட்ஸ் காலால் வைக்கோலை இழுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார், இரண்டு முறை. அப்புறம் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியின் பின்னால் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"உக்காரு," என்றார்.

மேடையில் அறிவிப்பாளர் அழைத்தார். "ஏழாம் நம்பர், ஆட்ரா." பெண் தனியாக ஏறினாள். பக்கத்தில் பார்த்தாள், படியைப் பார்த்தாள். பிடிலைக் கழுத்தில் வைக்கவில்லை.

"கித்தார் யாரும்மா?"

"எங்கம்மா. வருவாங்க."

"எங்க?"

அந்தப் பெண்ணின் முகம் முந்தின வருஷத்து முகமாக மாறியது. ஒரு அடி பின்னால் வைத்தாள். அப்போது ட்வைலா கித்தாரை மடியில் சரித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே அடித்தாள். கம்பி அதிர்ந்த அதிர்வில் முன்வரிசைக்காரர் துள்ளித் திரும்பினார். தடியான கம்பியின் சத்தம் அவ்வளவு. மைக் எதுவும் இல்லாமல் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பி இல்லையென்றால் கேட்டே இருக்காது என்று கார்னெட் இன்றைக்கும் சொல்லுகிறான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆட்ரா கூட்டத்தில் தேடி அம்மாவைக் கண்டுபிடித்தாள்.

"கூட வாசிக்கிறவங்க மேடைக்கு வரணும்," என்றார் அறிவிப்பாளர்.

"எந்தத் தாள்ல எழுதியிருக்கு?" என்று எஸ்டில் மாமா கத்தினார். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து மறுபடி கத்தினார். "எடுத்துப் படி, கேக்குறோம்! நடுவருங்க ஆளப் பாக்காம மார்க் போடணும்னு பின்னால வண்டிக்குள்ள திரையப் போட்டுட்டு உக்காந்திருக்கானுங்க. அவனுங்களுக்கு அந்தப் புள்ள மைக்தான் கேக்கும். இவ எங்க உக்காந்தா உனக்கென்ன?"

கூட்டம் சிரித்தது. அறிவிப்பாளர் கையை விரித்துவிட்டு ஒதுங்கினார்.

ஆட்ரா வாசித்தாள். முதலில் வேகமான மெட்டு. முதல் சுற்றில் வில் தடுமாறியது. ட்வைலா காலால் தாளம் போடவில்லை, போட முடியாது. கையால் மட்டும் பிடித்துக் கொடுத்தாள். இரண்டாவது சுற்றில் பெண் அம்மாவின் கையைப் பார்த்து நிமிர்ந்தாள். மூன்றாவது சுற்றில் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நான் மேடையைப் பார்த்தது கொஞ்சம்தான். ட்வைலாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடிக்கம்பியை அழுத்தி அழுத்தி நகம் வெளுத்திருந்தது. உதட்டிலும் நிறம் இல்லை.

"போதும்டி," என்றேன்.

"வால்ட்ஸ் இருக்கு."

இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியில் கை வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். "இப்பக் கூப்பிட்டா நிறுத்திடுவாங்க அக்கா. மூணு நிமிஷம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் கையை எடுத்தேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. வால்ட்ஸ் மெதுவான மெட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு யுகம் ஆகிறது. எஸ்டில் மாமாவின் மூச்சு எனக்குப் பின்னால் விசில் அடித்தது. பக்கத்து நாற்காலியை யாரோ காட்டியபோது வேண்டாம் என்று கையசைத்தார். அவர் நின்றால்தான் பின்வரிசைக்குக் கீழே தெரியாது. கடைசிச் சுற்றில் கித்தார் மெலிந்துகொண்டே போனது. பெண் அது கேட்காமலே வாசித்து முடித்தாள். கை தட்டல் எழும்பியபோது கித்தார் ட்வைலாவின் மடியிலிருந்து சரிந்தது. நான் பிடித்தேன். அவள் தலை தோளில் விழுந்து கிடந்தது.

பட்டனை அழுத்தினேன். இந்த முறை நாக்கு எழும்பியது. "எல்லாரும் கேளுங்க. ரோவீனா பேசுறேன். ட்வைலாவுக்கு மாசவிடாய். ரெண்டு நாளா ரத்தம் நிக்காமப் போகுது, இப்ப மயக்கம் போட்டுட்டா. ரெண்டாம் வரிசை, நடு. ஸ்ட்ரெச்சர் வேணும். நாப்கின் இருந்தா நாப்கின், துணி இருந்தா துணி, எது இருக்கோ கொண்டு வாங்க. ரத்தம். கேக்குதா? ரத்தம்!"

மேடையிலிருந்த வாக்கி-டாக்கி அறிவிப்பாளரின் மைக் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் சொன்னது அத்தனையும் ஒலிபெருக்கியில் போய், மலையில் மோதித் திரும்பி வந்தது. அறுநூறு பேர் கேட்டார்கள்.

முதலில் அசைந்தது எஸ்டில் மாமாதான். குனிந்து, நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிய அந்தப் பையைத் திறந்தார். இரண்டாம் வரிசை முழுக்கப் பார்க்க, உள்ளேயிருந்து வெள்ளையாக மடித்ததை எடுத்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. பெரியவர்கள் கட்டுகிற டயப்பர்.

"ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு நிக்காது," என்றார், யாரையும் பார்க்காமல். "இது நல்லா உறிஞ்சும். வை. எழுந்திரிக்க முடியாம உக்காந்திருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்."

அப்புறம் வந்தார்கள். நரைத்த கூட்டம் சேற்றில் தத்தித் தத்தி நாலா பக்கமிருந்தும் வந்தது. நிக்சன் காலம் என்று சிரித்தவள் அதே மாதிரி டயப்பர் ஒரு முழுப் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எழுபத்திரண்டுக்காரி இரண்டு கொண்டுவந்தாள். பாஸ் வாத்தியம் வாசிக்கிற கிழவர் ஒருவர் காகிதப் பையில் சுற்றி என் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மைதானம் முழுக்க இருந்திருக்கிறது! காலை ஒன்பது மணியிலிருந்து, ஒவ்வொரு கூடாரத்திலும், ஒவ்வொரு வண்டியிலும். நான் கேட்டது அவர்களிடம் இல்லாத ஒன்றை. என்ன நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை, என்ன வைத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஸ்ட்ரெச்சரின் சக்கரம் சேற்றில் உருளவில்லை. நாலு பேர் ட்வைலாவை எஸ்டில் மாமாவின் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்ரா மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தாள். "ஏன்மா மேல வரல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், மஞ்சள் கவுனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கேட்டில் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் நேரத்துக்குக் கார்னெட் வந்து சேர்ந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. இரண்டு கையிலும் பாக்கெட். இருப்பதிலேயே தடியானது.

ட்வைலாவுக்கு நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலமே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கொண்டுவந்தே இருக்க வேண்டாம் என்று டாக்டரம்மா கார்னெட்டிடம் சொன்னார்களாம்.

ஞாயிறு காலை கூடாரத்தைப் பிரிக்கத் தகப்பனும் பெண்ணும் வந்தார்கள். எஸ்டில் மாமா கொட்டகைக் குழாயடியில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தேய்க்கிறேன் என்றதற்கு, என் நாற்காலியைத் தொடாதே என்று பழையபடி வைதார். கொட்டகைப் பலகைமேல் பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. காலையில் ஒலிபெருக்கியில் சொல்லியும் பார்த்தேன், அவரவருடையதை எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒருவரும் வரவில்லை.

ஆட்ராவுக்கு மூன்றாம் இடம். ரிப்பனை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். கொடுத்தேன். அதைப் பார்க்காமலே கவுன் பையில் போட்டுக்கொண்டாள். அதே மஞ்சள் கவுன். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்திருக்கிறாள்.

"நேத்து காலையில அப்பாவுக்கு ரேடியோல சொன்னது நீங்களா அத்தை?"

"நான்தான்."

"அந்த வார்த்தையவே சொல்லிருந்தா?"

சோளரொட்டி தீய்கிற வாடை வந்தது. நான் திரும்பவில்லை.

"சொல்லிருந்தா அம்மா மேடைக்கு வந்திருப்பாங்கல்ல?"

"வந்திருப்பா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அது இல்லை. பிடில் பெட்டியைப் பலகைமேல் வைத்துத் திறந்தாள். அம்மாவுக்கென்று குவியலிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள், பிடிலுக்கு மேலே வைத்து அழுத்தினாள். பெட்டி மூடவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் பிடியையும் இன்னொரு கையால் மூடியையும் பிடித்துக்கொண்டு, பாக்கெட் வெளியே தெரியத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து போனாள்.